மூன்றாம் நாள் ஈரம்

அத்தியாயம் 4

“பத்து மணிக்குத் திருடன் வருவான்” என்றாள் எப்சிபா.

“மணி ஒம்போதே கால்தான் ஆவுது. நடுவுல ஒரு டீ போட்டுக்கினு வந்துடலாமா மேடம்?” என்றார் சுப்பராயலு.

எப்சிபா பொன்னேரியில் துப்பறியும் அலுவலகம் நடத்துகிறாள். நாற்பது வயது, பருத்திப் புடவை, பேச்சில் சிக்கனம். அவளுடைய உதவியாளர் சுப்பராயலுவுக்கும் சிக்கனத்துக்கும் ஏழாம் பொருத்தம். பொன்னேரி – பழவேற்காடு பஸ்ஸில் முப்பது வருஷம் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற அடுத்த திங்கட்கிழமையே எப்சிபாவின் வாசலில் வந்து நின்று, “இந்த ரூட்டுல எவன் எங்க ஏறி எங்க எறங்குவான்னு எனக்குத் தெரியும். துப்பறிய வேற இன்னா வேணும்?” என்று கேட்டார். நியாயமான கேள்விதான். அன்றே வேலையில் சேர்ந்துவிட்டார்.

இருவரும் உட்கார்ந்திருந்தது பழவேற்காடு அருங்காட்சியகத்தின் முன்னறையில். எதிரே அதன் பொறுப்பாளர் அஃப்ஸானா நகம் கடித்துக்கொண்டிருந்தாள். பத்தில் எட்டு முடிந்துவிட்டது.

“சாயங்காலம் நாலு மணிக்கு மெட்ராஸ்ல இருந்து ஆபீசர் வர்றாரு மேடம். பெட்டியோட வர்றாரு. அந்தப் பெட்டியில எங்க புஸ்தகம் போயிடுச்சுன்னா அப்புறம் அது திரும்பி வராது.”

அந்தப் புத்தகம் பின்னறையில், ஒரு கண்ணாடி அலமாரியில் இருந்தது. இருநூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் அஃப்ஸானாவின் முன்னோர் ஒருவர், கப்பல் மாலுமி, எந்த மாதம் எந்தக் காற்று, எந்தத் துறைமுகத்தில் என்ன சாப்பாடு மோசம் என்றெல்லாம் அரபு எழுத்தில் தமிழ் எழுதி வைத்தது. அஃப்ஸானாவின் உம்மா மரியம் பீவி, “இது ஊரை விட்டுப் போவக் கூடாது” என்ற ஒரே நிபந்தனையோடு அதை அருங்காட்சியகத்துக்குக் கொடுத்திருந்தார். இப்போது அதன் ஓரத்தில் சாம்பல் நிறத்தில் பூஞ்சை தலைகாட்டியிருந்தது.

“காகிதத்துக்கு ஈரம் ஆகாது. ஏறி ஏறி எறங்குனா அதைவிட மோசம்” என்றாள் அஃப்ஸானா. “உப்பும், சுருங்கும், மை உதிரும். அதுக்குத்தான் அந்த ரூம்ல ஈரம் உறிஞ்சற மெஷின் வெச்சிருக்கோம். அது காத்துல இருக்கற ஈரத்தை இழுத்து, தண்ணியாக்கி, கீழ இருக்கற வாளியில விட்டுடும்.”

எப்சிபா மடிக்கணினியைத் தன் பக்கம் திருப்பினாள். பின்னறையில் உள்ள தீப்பெட்டி அளவுக் கருவி ஒன்று பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை ஈரப்பதத்தைக் குறித்துவைக்கும். அதெல்லாம் சேர்ந்து திரையில் ஒரு கோடாக ஓடியது. செப்டம்பர் முழுக்கக் கோடு பாய் விரித்துப் படுத்திருந்தது. அக்டோபர் பதினேழாம் தேதி, காலை பத்து மணிக்கு, திடீரென்று ஒரு திமில். ஒரு மணிக்கு மேல் மெல்ல இறங்கியது. பிறகு இரண்டு நாள் அமைதி. மூன்றாம் நாள் மறுபடி திமில்.

“ஒட்டகம் ரெண்டு நாள் படுத்துத் தூங்கி, மூணாம் நாள் எழுந்து நிக்குது” என்றார் சுப்பராயலு.

“ஒரு மாசமா இப்படித்தான்” என்றாள் அஃப்ஸானா. “திமில் வர்ற அன்னைக்கெல்லாம் மத்தியானம் போய் வாளியைப் பார்ப்பேன். காலியா இருக்கும். ரூம் பூரா ஈரம், வாளியில ஒரு சொட்டு இல்ல. மெஷின் படுத்துக்கிச்சுன்னுதானே அர்த்தம்? மெக்கானிக் ஆசிக்கை மூணு தடவை கூப்பிட்டுட்டேன். மூணு தடவையும் மெஷின் கல்லு மாதிரி கீதுன்னு சொல்றான். பொய் சொல்றான்.”

“அந்த ரூம் சாவி யார்கிட்ட?”

“வாட்ச்மேன் ஜான் அண்ணன்கிட்ட. தினமும் அவர்தான் வாளியைக் காலி பண்ணுவார்.”

“தினமுமா?”

“தினமும்” என்றாள் அஃப்ஸானா, சூரியன் தினமும் உதிக்கிறது என்பது போல. வருகைப் பதிவேட்டையும் நீட்டினாள். ஒரு நாள் விடாமல் ஜானின் கையெழுத்து இருந்தது. முந்தாநாள் ஜானையே விசாரித்தாயிற்று. பின்னறை ஜன்னலை நான் தொட்டதே இல்லை என்று மாதா மேல் சத்தியம் செய்திருந்தார். அவர் முகத்தைப் பார்த்தால் பொய் சொல்லப் பயிற்சி எடுத்தவர் மாதிரியும் தெரியவில்லை.

எப்சிபா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். “அண்ணா, இன்னொண்ணு கவனிச்சீங்களா? ஒட்டகம் படுத்திருக்கிற நாள்லயும் கோடு கொஞ்சம் உயர்ந்திருக்கு. முன்னாடி ஐம்பத்திரண்டு. இப்ப ஐம்பத்தேழு. அப்ப திருடன் ஒருத்தன் இல்ல. ரெண்டு பேர்.”

“ஆளாளுக்கு ஒரு டிக்கெட்டா?” என்றார் சுப்பராயலு. “போங்க மேடம். ரெண்டு பேர் வர்ற இடத்துல திருட்டுப்போனது இன்னான்னு கேட்டா ஒண்ணியும் இல்ல. புஸ்தகம் கீது, மெஷின் கீது, வாளி கூட கீது. வாங்க, எதிர் கடையில ரோசி அக்கா கையால ஒரு டீ. ஆனா ஒண்ணு, அந்த அக்காவுக்கு மூட் வந்தாத்தான் டீ. நாம வந்த மொத நாளு, மூணு நாளு முன்ன, பதிமூணாந்தேதி மத்தியானம், இன்னா டீ! காட்டூர்ல இருந்து திருப்பாலைவனம் வரைக்கும் நான் குடிக்காத கடை இல்ல, அப்படி ஒரு டீ குடிச்சதில்ல. ஏழு கிளாஸ் உள்ள போச்சு. மறுநாள் போறேன், ஒரே உப்பு. நேத்தும் உப்பு. மனுஷங்க மூட் அப்படி மாறுது.”

எப்சிபா அவரைத் திரும்பிப் பார்த்தாள். அவள் அப்படிப் பார்த்தால் வழக்கு பாதி முடிந்தது என்று அர்த்தம். சுப்பராயலுவுக்கு அது தெரியும். ஆனால் தான் என்ன சொன்னோம் என்பதுதான் அவருக்குத் தெரியவில்லை.

“டிக்கெட் ஒண்ணு குடுங்க அண்ணா.”

அவர் பையில் பழைய டிக்கெட் கட்டு ஒன்று எப்போதும் இருக்கும். ஒன்றைக் கிழித்துக் கொடுத்தார். எப்சிபா அதன் பின்புறம் ஒரே ஒரு சொல்லை எழுதி, நாலாக மடித்து, அவர் சட்டைப் பையில் போட்டாள்.

“திருட்டுப்போன பொருள் எதுன்னு எழுதியிருக்கேன். பத்து மணிக்கு அப்புறம் பிரிங்க. அதுவரைக்கும் டீ கிடையாது.”

*

பின்னறைக்குப் போவதற்கு முன் எப்சிபா கட்டடத்தை ஒரு சுற்று சுற்றினாள். ஏரி பக்கத்துச் சுவரில், கூரைத் தண்ணீர் வடியும் குழாய் பாதியிலேயே முடிந்திருந்தது. அதற்குக் கீழே சுவர் முழுக்கப் பச்சைப் பாசி. தரையில், சிமெண்டில், இரண்டு பெரிய வட்டத் தடங்கள்.

“யானை நின்னுட்டுப் போயிருக்கு. ரெண்டே காலு” என்றார் சுப்பராயலு.

“இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கு?”

அவர் விரலால் காற்றில் அறையை வரைந்து பார்த்தார். “புஸ்தக அலமாரி.”

எப்சிபா உள்ளே நடந்தாள்.

ஒன்பது ஐம்பதுக்கு இருவரும் பின்னறையில் இருந்த ஒரு மரப் பீரோவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார்கள். எப்சிபா மெலிந்தவள், மறைந்துவிட்டாள். சுப்பராயலுவில் முக்கால் பங்குதான் மறைந்தது. மிச்சக் கால் பங்கு வயிறு. அதன் மேல் அவர் ஒரு டச்சுக்காரர் படத்தைப் பிடித்துக்கொண்டார். மூலையில் ஈரம் உறிஞ்சும் மெஷின் உர்ரென்று ஓடிக்கொண்டிருந்தது. சுவரில் இருந்த சின்னக் கருவி ஐம்பத்தேழு என்று காட்டியது.

சரியாகப் பத்து மணி. பூட்டில் சாவி திரும்பியது. ஒரு பெண் உருவம், இடுப்பில் குடம், கையில் இன்னொரு குடம். நேராகப் போய் ஏரி பக்கத்து ஜன்னலை அகலத் திறந்தது. உப்புக் காற்று திபுதிபுவென்று உள்ளே வந்தது. உருவம் மெஷினின் தலையில் அன்பாக ஒரு தட்டு தட்டியது.

“இன்னா ராசா, தூங்கறியா? ரெண்டு நாளா உன்ன மூடியே வெச்சிட்டானா அந்த மனுசன்? இந்தா, நல்லா காத்து வாங்கு. வாங்கிட்டு நெறையக் குடு.”

வாளித் தண்ணீர் குடத்தில் விழும் சத்தம் கேட்டது. சுவரில் இருந்த கருவி அறுபது என்றது. அறுபத்து மூன்று என்றது. டச்சுக்காரர் படத்தின் தூசி சுப்பராயலுவின் மூக்கில் ஏறியது. முப்பது வருஷம் டீசல் புகைக்கு மசியாத மூக்கு, முன்னூறு வருஷத் தூசிக்கு மசிந்தது.

“ஹச்ச்ச்!”

“எவன்டா அது!” குடம் ஓங்கியது.

“அடிக்காதக்கா! நான்தான்! ஏழு கிளாஸு!” என்று டச்சுக்காரருக்குப் பின்னாலிருந்து அலறினார் சுப்பராயலு.

குடத்தை ஓங்கி நின்றது எதிர் டீக்கடை ரோசி. வாட்ச்மேன் ஜானின் மனைவி.

எப்சிபா பீரோவுக்குப் பின்னாலிருந்து வந்து முதலில் ஜன்னலை மூடினாள். மற்றதெல்லாம் பிறகு.

சுப்பராயலு சட்டைப் பையிலிருந்து டிக்கெட்டைப் பிரித்தார். அதில் ‘தண்ணீர்’ என்று எழுதியிருந்தது. அவர் அதைப் படித்தார், குடத்தைப் பார்த்தார், மெஷினைப் பார்த்தார், கடைசியில் தன் வயிற்றைப் பார்த்தார்.

“அப்ப நான் குடிச்ச ஏழு கிளாஸ்...”

“இந்த ரூமோட ஈரம் அண்ணா. குடிக்கிற தண்ணி இல்ல அது. உள்ள இருக்கிற கம்பி, தூசு, பூஞ்சை எல்லாத்தையும் கழுவிட்டு வர்றது. ரோசி அக்கா நல்லாக் கொதிக்க வெச்சதால பொழைச்சீங்க.”

“உப்பு இல்லாம இருந்துச்சே!” என்றார் அவர், மோசம் போன காதலன் குரலில்.

“அதுதான் துப்பு” என்றாள் எப்சிபா. “ரூம்ல ஈரம் ஏறினா, ஓடற மெஷினோட வாளி நிறையணும். காலியா இருந்தா மெஷின் கெட்டுப்போச்சுன்னு எல்லாரும் நினைச்சாங்க. மெஷின் நல்லா இருந்து, தண்ணியை யாராவது எடுத்துட்டுப் போனாலும் வாளி காலியாத்தானே இருக்கும்? இந்த ஊர்ல கிணத்துத் தண்ணி உப்பு. ஒரு கடையில மட்டும், திமில் வந்த பதிமூணாந்தேதி மட்டும், டீ உப்பு இல்லாம இருந்துச்சுன்னு நீங்கதான் சொன்னீங்க.”

“நான் சொன்னேனா?” சுப்பராயலுவின் நெஞ்சு ஒரு அங்குலம் உயர்ந்தது. வயிற்றை அது ஓரளவு மறைத்தது.

ரோசி குடத்தைக் கீழே வைத்தாள். அவள் முகத்தில் குற்ற உணர்ச்சி துளியும் இல்லை.

“நல்ல தண்ணிய அந்த மனுசன் தெனம் சாக்கடையில ஊத்துறாரு. பார்த்தா வயிறு எரியுது. கேன் வண்டி வந்தா வரும், வராட்டி இல்ல. சும்மா போற தண்ணிதானேன்னு எடுத்தேன். ஒரு மணிக்கு மறுபடி வந்து வாளிய வழிச்சிட்டு, ஜன்னல மூடிட்டுப் போயிடுவேன்.”

“ஜன்னலை ஏன்க்கா திறந்தீங்க?”

“நல்லாக் கேட்ட போ! மெஷினு காத்தைத் தின்னுட்டுத்தானே தண்ணி குடுக்குது? ஜன்னல மூடி வெச்சா காத்துக்கு எங்க போவும்? மாட்டுக்குத் தீனி போடாம பால் கறக்க முடியுமா?”

விஞ்ஞானப்படி ரோசி சொன்னது நூற்றுக்கு நூறு சரி. மாடு யாருக்காகக் கட்டியிருக்கிறது என்பதில்தான் தப்பு.

“சாவி உங்ககிட்ட எப்படி வந்துச்சு? தினமும் ஜான்தானே?”

“இன்னைக்கு எங்க பாடு ஆச்சே” என்றாள் ரோசி.

சுப்பராயலு நெற்றியில் பளீரென்று அடித்துக்கொண்டார். “நைனா! முப்பது வருஷம் மூணு நாளைக்கு ஒரு தடவை அதே ஸ்டாப்புல மீன் கூடை ஏத்தியிருக்கேன். எனக்குத் தோணலையே! ஏரியில மீன் படற எடம் கொஞ்சந்தான் மேடம். மூணு குப்பமும் முறை வெச்சு, ஆளுக்கு ஒரு நாளு வலை போடுவாங்க. அதான் பாடு. முறை வர்ற அன்னைக்கு எவனும் வேற வேலைக்குப் போவ மாட்டான். போனா வீட்டுக்கு முறையே போயிடும்.”

“அன்னைக்கு அவருக்குப் பதிலா நான் நிப்பேன்” என்றாள் ரோசி. “முந்தின நாளே அவரு கையெழுத்துப் போட்டு வெச்சிடுவாரு. ஊருக்கே தெரியும்.”

ஊருக்கே தெரிந்ததால்தான் துப்பறிய வந்தவர்களிடம் ஒருவரும் சொல்லவில்லை. ‘தினமும்’ என்று அஃப்ஸானா சொன்னதும் பொய்யில்லை; அவளுக்கு ஜான் என்றால் ரோசியும் சேர்த்துத்தான். ஜன்னலைத் தொட்டதில்லை என்று ஜான் சொன்னதும் பொய்யில்லை. உண்மை பேசுகிறவர்கள் நிறைந்த ஊரில் துப்பறிவது எவ்வளவு கஷ்டம் என்று எப்சிபாவுக்கு அன்றுதான் தெரிந்தது.

“ஒரு திருடன் ஆச்சு” என்றார் சுப்பராயலு. “ரெண்டாவது?”

எப்சிபா ரோசியிடம் திரும்பினாள். “போன மழைக்கெல்லாம் நீங்க இந்த மெஷின் பக்கம் வரலையே அக்கா. அப்ப நல்ல தண்ணிக்கு என்ன பண்ணீங்க?”

“வெளிய, கூரைத் தண்ணி விழற எடத்துல ரெண்டு நீல டிரம்மு வெச்சிருந்தேன். மழைக்காலம் பூரா அதான். இந்த வருசம் அதை எடுத்துட்டாங்க.”

“யாரு?”

ரோசி தரையைப் பார்த்தாள். “அத்த இன்னாத்துக்குக் கேக்கற? வுடு.”

“நான்தான்.”

குரல் வாசலிலிருந்து வந்தது. அஃப்ஸானா நின்றுகொண்டிருந்தாள். தும்மல் சத்தம் கேட்டு ஓடி வந்தவள், எல்லாவற்றையும் கேட்டுவிட்டிருந்தாள்.

“ஆபீசர் வர்றார்னு லெட்டர் வந்த அன்னைக்கு. அக்டோபர் பதினஞ்சு. போட்டோவுல அசிங்கமாத் தெரியும்னு டிரம்மை எடுக்கச் சொன்னேன்.”

“யானைக் காலு!” என்றார் சுப்பராயலு.

“ரெண்டு நாள் கழிச்சு முதல் திமில்” என்றாள் எப்சிபா. “டிரம் இருந்த வரைக்கும் கூரைத் தண்ணி அதுல விழுந்தது. எடுத்ததும் தரையில விழுந்து சுவர்ல தெறிச்சுது. சுவர் ஒரு மாசமா குடிச்சிட்டே இருக்கு. அந்தச் சுவரை ஒட்டித்தான் உங்க புஸ்தகம். ஐம்பத்திரண்டு ஐம்பத்தேழு ஆனது அதனாலதான். புஸ்தகத்தைக் காப்பாத்திட்டு இருந்தது மெஷின் மட்டும் இல்ல அஃப்ஸானா. ரோசி அக்கா டிரம்மும்தான்.”

அஃப்ஸானாவுக்கு முகம் வெளுத்தது. ரோசிக்கோ இப்போதுதான் பயம் வந்தது.

“பாப்பா, அவரு வேலை போயிடுமா? அவருக்கு ஒண்ணும் தெரியாது பாப்பா.”

அஃப்ஸானா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். “டிரம் எங்கக்கா கீது?” படித்தவள் வாயில் அந்த ‘கீது’ தானாக வந்தது.

*

அடுத்த நாலு மணி நேரம் அருங்காட்சியகம் கல்யாண வீடாக இருந்தது. டிரம்கள் உருண்டு வந்து தங்கள் பழைய வட்டத்தில் உட்கார்ந்தன. கண்ணாடி அலமாரியைச் சுவரிலிருந்து இரண்டு முழம் நகர்த்தினார்கள். தள்ளியது மூன்று பெண்கள். சுப்பராயலு பின்னால் நின்று, “வரலாம்... வரலாம்... ஹோல்டான்!” என்று விசில் ஊதினார். அஃப்ஸானா நடுவில் ஆசிக்குக்குப் போன் போட்டு மன்னிப்புக் கேட்டாள். ஜன்னலுக்கு ஒரு பூட்டு வந்தது. மூன்று மணிக்கு மழை பிடித்தது.

நாலு மணிக்கு அதிகாரி ஜெகதீஸ்வரன் நனைந்த குடையோடு வந்தார். உயரமான, சிரிக்காத மனிதர். கையில் பஞ்சு வைத்துத் தைத்த பெரிய பெட்டி. அதைப் பார்த்ததும் அஃப்ஸானா ஒன்பதாவது நகத்தைத் தொடங்கினாள்.

அவர் திரையில் ஒவ்வொரு திமிலாக விரல் வைத்தார். “மெஷின் கோளாறா?”

“இல்ல சார். மெஷின் நல்லா இருக்கு.”

“அப்போ?”

“ஜன்னல் திறந்திருந்தது சார்.”

“மழைக்காலத்துல? ஏரி பக்கத்து ஜன்னல்? யார் திறந்தது?”

வாசலில் நின்ற ரோசி டீத் தட்டோடு ஒரு அடி முன்னால் வந்தாள். அவள் வாயைத் திறந்தாள். அதற்குள் அஃப்ஸானா பேசிவிட்டாள்.

“திறக்க வெச்சது நான் சார். தண்ணி விழற இடத்துல இருந்த டிரம்மை அழகுக்காக எடுக்கச் சொன்னேன். எல்லாம் அதுல இருந்துதான் ஆரம்பிச்சது. தப்பு என்னோடது.”

எப்சிபா கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கண் கலங்கினால் கூரையைப் பார்ப்பது வழக்கம்.

ஜெகதீஸ்வரன் பின்னறைக்குள் போய் சுவரில் இருந்த கருவியின் முன்னால் நின்றார். வெளியே மழை கொட்டியது. இரண்டு டிரம்மும் மேளமாக முழங்கின. ஏரிக்கரையில் காற்றைப் பிழிந்தால் தண்ணீர் வடியும், அவ்வளவு ஈரம். கருவி ஐம்பத்தைந்து என்றது. அவர் கை நீட்டி ஒரு டீயை எடுத்தார். நின்றபடியே மெதுவாகக் குடித்தார். கருவி ஐம்பத்தைந்து. கிளாஸ் பாதி ஆனது. ஐம்பத்தைந்து. கிளாஸ் தீர்ந்தது. கருவி ஐம்பத்து நாலு என்றது.

“திறக்கக் கத்துக்கிட்டீங்க” என்றார் அவர். “மூடக் கத்துக்கிட்டீங்களா?”

“கத்துக்கிட்டேன் சார்.”

“அப்போ நான் எதுக்கு இந்தப் பெட்டியைத் தூக்கிக்கிட்டு அலையணும்?” காலிப் பெட்டியின் மூடியை டப்பென்று மூடினார். “ஒரு மாசம் கோட்டை எனக்கு அனுப்புங்க. நேரா இருந்தா, புஸ்தகம் இங்கேயே இருக்கட்டும்.”

அஃப்ஸானா சிரித்தாள், அழுதாள், இரண்டையும் முடிக்காமல் ரோசியைக் கட்டிக்கொண்டாள்.

வாசல் வரை போன அதிகாரி திரும்பினார். “டீ பிரமாதம்மா. எந்தத் தண்ணி?”

சுப்பராயலு வாய்க்குக் கொண்டுபோன எட்டாவது கிளாஸை அப்படியே நிறுத்தினார்.

“மழைத் தண்ணி சார்” என்றாள் ரோசி. “பாப்பா வெச்ச டிரம்முல புடிச்சது.”

“ரைட், போலாம்!” என்று சொல்லிவிட்டு, சுப்பராயலு ஒரே மடக்கில் குடித்தார்.